கடைசி வரிசைக்காரர்

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம். ஊருக்கெல்லாம் அவள் மைக்கம்மா. காய்கறிக் கடைக்காரர் அவளைக் கண்டால் ஒரு தக்காளியை எடுத்து வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, "ஹலோ, ஹலோ, தக்காளி டெஸ்டிங்" என்பார். பல வருடமாக அதே ஜோக். அவளும் பல வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "காது ரொம்பி வழியுதுங்க, இன்னொருத்தர் பேச்சைக் கேக்க இடமில்ல" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள்.

அவள் வேலை அப்படி. நகர நூலகத்தின் மாடிக் கூடத்தில் சனிக்கிழமை தோறும் பிற்பகலில் வரலாற்றுப் பேச்சு நடக்கும். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு பேராசிரியர், அந்தப் பக்கம் போருக்குப் போய்த் திரும்பிய ஒருவர். இவர் கேட்பார், அவர் சொல்வார். அதை ஒலிப்பதிவு செய்து, இருமல் தும்மல்களை நீக்கி, நூலகத்தில் பத்திரப்படுத்தி வைப்பது மைக்கம்மாவின் பொறுப்பு. கீழ்த்தளத்தில் வரிசையாக ஹெட்போன்கள் தொங்கும். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். மழைக்கு ஒதுங்குகிறவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். ஆனால் மழை விட்ட பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்காகத்தான் தான் சம்பளம் வாங்குவதாக அவள் நினைத்துக்கொள்வாள்.

கூடம் பழையது, மரத்தரை. பேச்சு தொடங்கும் முன் அவளுக்கு ஆயிரம் வேலை. கீச்சிடுகிற பலகையின் மேல் யாரும் கால் வைத்துவிடாதபடி ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவாள். ஒயர்களைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுவாள். பக்கத்து டீ ரூமில் இருக்கும் ஃபிரிட்ஜை அணைப்பாள், ஏனென்றால் அதன் ரீங்காரம் சுவரைத் தாண்டி மைக்கில் வந்து விழும். மறுபடி போட மறந்து பால் திரிந்துபோன சனிக்கிழமைகளைப் பற்றிப் பேராசிரியரிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்.

பிறகு திரைச்சீலைகளை இழுத்துவிடுவாள். வெளியே இருக்கிற வெயில் துணிக்குள் புகுந்து பழுப்பாக வடிந்து உள்ளே வரும். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து வயதானவர்கள் பேசும்போது, பேச்சு அவர்கள் வாயிலிருந்து வருகிறதா, சுவரிலிருந்து கசிகிறதா என்றே தெரியாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் அவளுக்குத் தெரு கிடையாது, மணி கிடையாது. விமானக்காரர் தான் கடலில் விழுந்து மிதந்ததைச் சொன்னால் அவள் காலடியில் தரை லேசாக ஆடும். நர்ஸம்மா விளக்கணைத்த ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொன்னால் கூடம் இருண்டுபோய் மருந்து வாடை அடிக்கும். பேச்சு முடிந்து கைதட்டல் எழும்போதுதான் அவள் திடுக்கிட்டுத் திரும்பி வருவாள். எங்கிருந்து என்று அவளுக்கே தெரியாது.

அவளோடு அப்பாவும் வருவார். வந்துதான் ஆக வேண்டும். அவரைத் தனியாக வீட்டில் விட்டால் கேஸைத் திறந்துவிட்டு, பற்றவைக்க மறந்து, ஜன்னலோரம் போய் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் கோட்டை மாட்டி, கையைப் பிடித்து அழைத்து வந்து, கடைசி வரிசையில் ஓர நாற்காலியில் உட்காரவைத்துவிடுவாள். அவரும் சமர்த்தாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முன்வரிசையில் உட்காரும் போர்க்காலத்து ஆட்கள் அவருக்குக் 'கடைசி வரிசை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"என்ன கடைசி வரிசை, இன்னைக்கும் தூக்கமா?"

"கண்ணை மூடுனா நல்லாக் கேக்குதுங்க" என்பார் அப்பா.

வாரம் முழுக்க அவர் பேசும் மனிதர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்த ஒரு பிற்பகல்தான் அவருக்கு ஊர், உறவு, நட்பு எல்லாம். வெள்ளிக்கிழமையே ஷூவைத் துடைத்து வாசலில் வைத்துவிடுவார்.

போரில் அவரும் இருந்தவர்தான். ஆனால் ராணுவக் கிடங்கில், போர்முனைக்கு வெகு தூரத்தில், கம்பளி கொடுக்கிற வேலை. சின்ன வயதில் அவள் அவர் வாயைப் பிடுங்கிப் பார்த்திருக்கிறாள். "போர்ல நீங்க என்னப்பா பண்ணீங்க?" என்றால், "கம்பளி குடுத்தேன்" என்பார். அப்புறம் என்றால், "அப்புறம் என்ன, கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தேன்" என்பார். அதோடு சரி. போர் முடிந்து வந்து ஓர் இரும்புக் கடையில் ஆணியும் கீலும் எடை போட்டே ஆயுள் முழுக்க ஓட்டிவிட்டார். படைவீரர் சங்கம் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. அம்மா இருந்தவரை போகச் சொல்லிப் பார்த்தாள். "அவங்கல்லாம் போனவங்க. நான் போகாதவன். எந்த முகத்தை வச்சுட்டுப் போய் உக்காருறது?" என்று கேட்டுவிட்டார்.

ஊர் பேர் தெரியாதவர்களின் போரையெல்லாம் பதிவு பண்ணிவிட்டாள், சொந்த அப்பாவின் போரில் ஒரு நிமிடம்கூட அவளிடம் கிடையாது. இது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. அவருக்கு மறதி வந்த பிறகு உறுத்தல் அவசரமாக மாறியது.

இங்கேதான் அவள் வேலை செய்கிற விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஒலியை வெட்டி ஒட்டுவதை அவள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து செய்வாள். நியாயமாக அதற்கு ஹெட்போன் வேண்டும். ஹெட்போன் போட்டால் அப்பா கதவைத் திறக்கிற சத்தம் கேட்காது, கேஸ் கசிகிற சத்தம் கேட்காது. அதனால் ஸ்பீக்கரிலேயே போடுவாள். ஓர் இருமலைச் சுத்தமாக எடுக்க வேண்டுமானால் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். "தண்ணி ரொம்ப ஜில்லுனு இருந்துச்சு... ஜில்லுனு இருந்துச்சு... தண்ணி ரொம்ப..." என்று விமானக்காரர் பிற்பகல் முழுக்க அந்தச் சமையலறையில் நனைந்துகொண்டிருப்பார். மூலையில் சாய்வு நாற்காலியில் அப்பா பாதித் தூக்கத்தில் இருப்பார். தட்டு கழுவுகிற சத்தத்துக்கு நடுவே, கெட்டிலின் ஆவிக்கு நடுவே, வருடக்கணக்கில் எத்தனையோ பேருடைய போர் அவர் காதில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. அது எங்கே போய்ச் சேருகிறது என்று அவள் யோசிக்கவில்லை.

ஒருநாள் காலையில் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அப்பா சொன்னார்:

"கடல்ல மிதக்குறது சாதாரண விஷயம் இல்லம்மா. உப்பு கண்ணைப் பிடுங்கிடும். தூங்கிடாதே, தூங்கிடாதேன்னு சொல்லிட்டே இருக்கணும்."

"யாருப்பா மிதந்தது?"

"நாங்கதான்."

அவள் சிரித்துவிட்டாள். கனவு கண்டிருப்பார் என்று நினைத்தாள். இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரியில் ஒரு பையன் உயிர் போகும்வரை தான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதாகச் சொன்னார். கை கடுத்துப்போச்சு என்று முழங்கையைத் தடவிக் காட்டினார். அது நர்ஸம்மாவின் கதை. மலைமேல் குடிசையில் வயர்லெஸ் பெட்டியோடு பனிக்காலத்தைக் கழித்தவரின் கதையும் வந்தது. ஒவ்வொன்றையும் நேற்று நடந்ததைப் போலச் சொன்னார். கிடங்கில் அடைந்து கிடந்த மனிதருக்கு இந்த வயதில் கடலும் மலையும் கிடைத்திருந்தன. சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது, கூடவே வெட்கமும். அடுத்தவர் கதையை அப்பா எடுத்து உடுத்திக்கொள்கிறார். எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். ஒவ்வோர் இருமலுக்கும் பத்து முறை போட்டுக் காட்டிப் பாடம் பண்ணிவைத்திருக்கிறாள்.

வீட்டுக்குள் இருக்கிறவரை ஒன்றும் இல்லை. அவள் பயமெல்லாம் பாலத்தாரை நினைத்துத்தான்.

பாலத்தார் முன்வரிசையின் நடு நாற்காலிக்காரர். ஒரு கால் மடங்காது. கோபம் மூக்கின் மேல் இருக்கும். ஆற்றுப் பாலத்தை வெடிவைத்துத் தகர்க்கப் போன படையில் இருந்தவர். பாலம் பாதிதான் உடைந்தது. ஓர் உத்தரம் அவர் காலின் மேல் விழுந்தது. மற்றவர்கள் செத்துப்போனார்கள், அல்லது ஓடிவிட்டார்கள். விடியலிலிருந்து இருட்டும்வரை மார்பளவுத் தண்ணீரில், மூச்சுச் சத்தம்கூட வெளியே வராமல் அவர் கிடந்தார். மேலே பலகையில் எதிரிகள் நடந்துகொண்டே இருந்தார்கள். இந்தக் கதையை அவர் பல முறை சொல்லியிருக்கிறார், ஒரு சொல்கூட மாறியதில்லை. கடைசியில் எப்போதும் ஒரே வரியில் முடிப்பார்: "மேல பூட்ஸ் சத்தம். கீழ நான். அவ்வளவுதான்." அதற்குமேல் பேராசிரியர் என்ன கேட்டாலும் வாய் திறக்க மாட்டார்.

முன்பு ஒருமுறை சட்டை நிறையப் பதக்கம் குத்திக்கொண்டு ஒருவர் பேச வந்தார். பாலத்தார் எழுந்து நின்று, சத்தம் போடாமல், இரண்டு கேள்வி கேட்டார். மூன்றாவது கேள்விக்கு அந்த மனிதர் இருக்கவில்லை. பதக்கமெல்லாம் பழைய சாமான் கடையில் வாங்கியவை. "செத்தவனோட சட்டையைக் கழட்டிப் போட்டுக்கிட்டு வந்திருக்கான்" என்று பாலத்தார் சொன்னது அன்றைய பதிவில் அப்படியே இருக்கிறது. அந்த மனிதரை அதன் பிறகு நூலகத் தெருவிலேயே யாரும் பார்க்கவில்லை. அப்பாவுக்கும் அதே கதி வந்தால் சனிக்கிழமை ஷூவைத் துடைத்து வைத்துக்கொண்டு அவர் எங்கே போவார்?

ஆகவே கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவரைக் காவல் காத்தாள். இடைவேளையில்கூட அவர் பக்கத்தை விட்டு நகர மாட்டாள். ஆனாலும் ஒருநாள் ஒயர் ஒன்று மக்கர் பண்ணி, அதைச் சரிசெய்துவிட்டு டீ ரூமுக்குப் போவதற்குள், பேராசிரியர் அப்பாவின் எதிரே குந்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர எழுந்தார்.

"மைக்கம்மா, சார் ராணுவக் கிடங்குல இருந்தாராமே! அதாவது, இத்தனை வருஷமா இவரைக் கடைசி வரிசையிலயே உக்கார வச்சிருக்கோமே!"

"அப்பா கம்பளி குடுத்தவர் சார். சண்டைக்குப் போனதில்ல."

"அதைத்தான் சொல்றேன். அதாவது, துப்பாக்கிக்காரங்க எல்லாரும் பேசியாச்சு. கம்பளி குடுத்தவங்களை யார் கேட்டாங்க? அடுத்த சனிக்கிழமை விமானக்காரர் பேசறதா இருந்துச்சு, அவருக்கு நெஞ்சு வலி. சார் பேசட்டும்."

'அதாவது' இல்லாமல் அவருக்கு வாக்கியம் ஓடாது. பதிவிலிருந்து அவற்றையெல்லாம் வெட்டி எடுத்து வைத்தால் ஒரு மூட்டை தேறும். ஆனால் மனிதர் தங்கமானவர். அவரிடம் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் வாயைத் திறந்தாள். "அவருக்கு இப்ப கொஞ்சம் மறதி..." என்று பாதி சொன்னாள். "மறதி இல்லாதவங்க யாரு இங்க?" என்று அவர் சிரித்தார். மீதியை அவள் விழுங்கிவிட்டாள். ஒருவேளை சொல்லிவிட மாட்டாரா, கிடங்கில் இருந்த அந்தச் சொந்தப் போரை, ஒரே ஒரு முறை, மைக்குக்கு முன்னால்? அந்த ஆசைதான் அவள் வாயை அடைத்தது.

வாரம் முழுக்க வீட்டில் ஒத்திகை நடந்தது.

"கிடங்கைப் பத்தி மட்டும் பேசுங்கப்பா."

"கிடங்குல என்னம்மா இருக்கு? கம்பளி."

"அந்தக் கம்பளியைப் பத்தியே பேசுங்க."

"அது பாட்டுக்கு அடுக்கியிருக்கும்."

"கடல், மலை, ஆஸ்பத்திரி... அதெல்லாம் வேண்டாம், என்ன?"

"ஏன், அவங்க கோவிச்சுக்குவாங்களா?" என்று கேட்டார். யார் கோபித்துக்கொள்வார்கள் என்று அவர் நினைத்தார் என்பது அவளுக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை வந்தது. எல்லா வேலையையும் செய்தாள், ஆனால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்பாவின் கோட்டில் சின்ன மைக்கைக் குத்தும்போது அவர் மார்புக்கூடு குருவிக்கூடு மாதிரி லேசாக இருந்தது. அவரை மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துவிட்டுத் தன் கருவிகளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள். முன்வரிசையில் பாலத்தார் மடங்காத காலை நீட்டிக்கொண்டு, "பார்றா, கடைசி வரிசை முதல் வரிசைக்கே முன்னால போயிடுச்சு!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். திரைச்சீலைகள் மூடின. பழுப்பு வெளிச்சம் வந்து மேசையின் மேல் படுத்துக்கொண்டது.

முதலில் நன்றாகத்தான் போனது. அப்பா மெல்லிய குரலில் பேசினார். கம்பளி புதிதாக வரும்போது வருகிற எண்ணெய் வாடையைச் சொன்னார். இருட்டில் தொட்டுப் பார்த்தே நல்லது எது, பூச்சி அரித்தது எது என்று தெரியும் என்றார். வாங்குகிறவர்களின் கைகளைச் சொன்னார். சிலர் தோளில் போட்டுக்கொள்வார்கள், சிலர் சுருட்டி அக்குளில் வைத்துக்கொள்வார்கள், ஒரு பையன் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படியே நின்றான், பின்னால் இருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். ஹெட்போனுக்குள் இதையெல்லாம் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். இது அவருடையது. யாரிடமும் கேட்டதல்ல. இதற்காகத்தான் இத்தனை காலம் காத்திருந்தாள்.

"குடுத்து முடிச்சதும் லாரி கிளம்பும். சத்தம் கேக்குற வரைக்கும் கதவுல நிப்போம். அப்புறம் கதவைச் சாத்திடுவோம்" என்றார் அப்பா.

"அதாவது... அப்புறம்?" என்று கேட்டார் பேராசிரியர்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்புறம் நானும் போனேன்" என்றார்.

மைக்கம்மாவின் கண் பாலத்தாரிடம் போனது.

"லாரி பின்னாடியே போனேன். ஆறு வந்துச்சு. அங்க ஒரு பாலம். வெடி வச்சாங்க, பாதிதான் உடைஞ்சுது. உத்தரம் கால் மேல விழுந்துடுச்சு. மார்பு வரைக்கும் தண்ணி. விடியற நேரம்..."

அதே சொற்கள், அதே வரிசை. எந்த இடத்தில் மூச்சு விட வேண்டுமோ அந்த இடத்தில் மூச்சு. அவள் வெட்டி ஒட்டிய பதிவை அப்படியே ஓட்டுவதைப் போல இருந்தது. கூடத்தில் நாற்காலிகள் நெளிந்தன. பேராசிரியர் அவளைத் திரும்பிப் பார்த்தார், முகத்தில் ஈயாடவில்லை. முன்வரிசையில் பாலத்தாரின் பிடரி அசையவே இல்லை. அவள் விரல் தானாகவே போய்க் குமிழைக் குறைத்தது. கூடத்து ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் தேய்ந்து தூரமாகிப்போனது. அவர் கவனிக்கவில்லை. கண்ணை மூடியபடி அங்கேயே இருந்தார், பாலத்துக்கு அடியில்.

"மைக்கம்மா" என்றார் பாலத்தார், திரும்பாமல். "கூட்டு."

அவள் கூட்டினாள்.

"...மேல பூட்ஸ் சத்தம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் அப்பா. "கீழ நாங்க ரெண்டு பேர். அவர் கால் சிக்கிக்கிச்சு. நான் அவர் தலையைத் தண்ணிக்கு மேல பிடிச்சிட்டு இருந்தேன். கை மரத்துப்போச்சு, விடல."

இரண்டு பேர். அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். விமானக்காரரிடம் தூங்கிடாதே தூங்கிடாதே என்று சொன்னவர் யார்? நர்ஸம்மாவுக்கு விளக்குப் பிடித்தவர் யார்? தான் தனியாக மிதந்ததாகவும் தானே ஊசி போட்டதாகவும் எப்போதாவது சொன்னாரா? ஊரே மெச்சுகிற காதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் எதைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. அப்பா யார் கதையையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரும் எங்கே தனியாக இருந்தாரோ அங்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

பாலத்தார் எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் தள்ளப்பட்டது. கூடத்தில் இருந்த எல்லோருக்கும் பதக்கக்காரர் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் எழுந்து ஓடி அப்பாவை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தாள்.

"ஒரு கேள்வி" என்றார் பாலத்தார்.

அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார். தெரிந்தவரைப் பார்ப்பதைப் போல முகம் மலர்ந்தது.

பாலத்தார் தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "அன்னைக்கு" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "அன்னைக்கு நான் அழுதேனா?"

"அழுதீங்க" என்றார் அப்பா. "மத்தியானத்துக்கு மேல. அம்மாவைக் கூப்பிட்டீங்க. சத்தம் வராம நான் வாயைப் பொத்துனேன், கடிச்சுட்டீங்க." கொஞ்சம் முன்னால் குனிந்து, ரகசியமாகச் சொன்னார்: "நான் யார்கிட்டயும் சொல்லல."

சொன்னது மைக்கில் விழுந்து, ஸ்பீக்கர் வழியாகக் கூடம் முழுக்கப் பரவியது. ஒருவரும் சிரிக்கவில்லை. பாலத்தார் தலையை ஒருமுறை ஆட்டினார். பின்னால் தள்ளிப்போயிருந்த நாற்காலியைக் கையால் துழாவிப் பிடித்து உட்கார்ந்தார். பேராசிரியர் எதையோ சொல்ல வந்து, 'அதாவது' என்பதைக்கூட முடிக்காமல் நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் திரைச்சீலைகளின் வெளிச்சம் மட்டும் அசைந்தது. அந்த நேரத்தில் ஆறு ஓடுகிற சத்தம் ஹெட்போனில் கேட்டதாக அவள் இன்றைக்கும் நம்புகிறாள். பதிவைப் போட்டுக் காட்டினால் ஒன்றும் இருக்காது, கேட்டால் காரணமும் சொல்ல மாட்டாள்.

பேச்சு முடிந்தது. பேராசிரியர் அவளிடம் வந்து, கவலையோடு தலையைச் சொறிந்துகொண்டார்.

"இதை எந்தத் தலைப்புல வைக்கறது மைக்கம்மா? நடந்ததுன்னு வைக்க முடியாது. நடக்கலன்னும்..."

"கிடங்குன்னே வைங்க சார். நான் ஒண்ணையும் வெட்டப்போறதில்ல."

அவர் அதையே எழுதிக்கொண்டு போனார். கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. பாலத்தார் மட்டும் நாற்காலியில் அப்படியே இருந்தார். அவர் முன்னால் போய் நின்றாள்.

"மன்னிச்சிடுங்க. அப்பா வேணும்னு சொல்லல. நான் வீட்டுல உங்க பேச்சைத் திரும்பத் திரும்பப் போட்டு... அவர் கிடங்கை விட்டு வெளிய போனதே இல்லீங்க."

"தெரியும்" என்றார் பாலத்தார். "அங்க யார் இருந்தாங்க, யார் இல்லன்னு எனக்குத் தெரியாதாம்மா?"

அவள் தலைகுனிந்து நின்றாள்.

"அழுததை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. பொண்டாட்டிகிட்ட சொன்னதில்ல. உன் மெஷின்கிட்டயும் சொன்னதில்ல. சொல்லியிருக்கேனா?"

அவர் பதிவு ஒவ்வொன்றையும் இருமல் இருமலாக அறிந்தவள் அவள். "இல்லீங்க" என்றாள்.

"ம்." தடியை ஊன்றி மெதுவாக எழுந்தார். கதவுப் பக்கம் அப்பா கோட்டுப் பொத்தானோடு போராடிக்கொண்டிருந்தார். பாலத்தார் அந்தப் பக்கம் பார்த்தார், ஆனால் போகவில்லை. பதக்கக்காரரை எழுந்து நின்று கேள்வி கேட்டு விரட்டிய மனிதருக்கு இப்போது நேரே போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை.

"நீயே ஒண்ணு கேட்டுச் சொல்லும்மா. இருட்டுற வரைக்கும் இருந்தாரா, இல்ல நடுவுல போயிட்டாரா?"

அவள் அப்பாவிடம் போனாள். அவர் கையை விலக்கிவிட்டுப் பொத்தானைத் தானே போட்டுவிட்டபடி, காதருகில் குனிந்து கேட்டாள்.

"பின்ன?" என்றார் அப்பா, பாலத்தாருக்கும் கேட்கும்படி, கொஞ்சம் கோபமாகவே. "அவரைத் தனியா விட்டுட்டா வருவேன்?"